பயம் ஒட்டிய இடம்

பன்னிரண்டு பேரும் மழைக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று முதல் மூன்று வாரமும் நம்பிக்கொண்டிருந்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். நீலகிரியில் கரடிப்பாறை எஸ்டேட்டின் மேல் லைன் தொழிலாளர் வீடுகள் மண்ணுக்குள் போனது மூன்று நாள் அடைமழையில்தான். ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை, மாலை நாலே முக்கால் மணி. மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கவும் யாரும் போகவில்லை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பத்தொன்பது வீடுகள், நாற்பத்தொரு சாவு. அந்த நேரத்தில் அங்கே இருந்தும் உயிர் தப்பியவர்கள் பன்னிரண்டு பேர்.

நான் ஹெப்சிபா, மனநல மருத்துவர். கோத்தகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த அந்தப் பன்னிரண்டு பேரிடமும் என்னை அனுப்பினார்கள். தளர்த்தல் சிகிச்சை வந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. வெள்ளம், தீ விபத்து, கலவரம் எல்லாவற்றிலும் தப்பியவர்களுக்கு நான் அதைச் செய்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான் நினைத்துப் பெட்டி கட்டினேன்.

முதலில் வந்தவர் சிவபாக்கியம். நாற்பத்தாறு வயது. அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவர். கணவர் முன்பே இறந்திருந்தார். பதினாறு வயது மகள் நிரஞ்சனாவை மண் கொண்டுபோய்விட்டது. என் முன்னால் உட்கார்ந்ததும் நான் நீட்டிய தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்லிய வலைத் துணியில் சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள் பதித்த தொப்பி அது.

“இதப் போட்டா எம் புள்ளைய மறந்திருவேனா டாக்டரம்மா?”

“இல்லக்கா. நினைவு அப்படியே இருக்கும். அதுல ஒட்டியிருக்கிற பயம் மட்டும்தான் போகும்.”

“ரெண்டும் வேற வேறயா?”

அந்தக் கேள்வியை அவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. நடந்த ஒன்றை நாம் நினைக்கும்போது மூளை அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பத்திரப்படுத்துகிறது என்று சொன்னேன். வெளியே எடுத்திருக்கும் அந்தச் சில மணி நேரம் அது இளகியிருக்கும். அப்போது ஒரு மருந்தைக் கொடுத்தால் பயம் கழன்றுவிடும், நினைவு தங்கிவிடும்.

“ஆனா பயம் முழு நினைவிலயும் ஒட்டியிருக்காதுக்கா. ஏதோ ஒரு இடத்துலதான் ஒட்டியிருக்கும். ஒரு சத்தமா இருக்கலாம், ஒரு வாசனையா இருக்கலாம். அது எந்த இடம்னு இந்தத் தொப்பி காட்டிக்குடுக்கும். அத மட்டும் எடுப்போம்.”

“கழண்டத மறுபடி ஒட்ட முடியுமா?”

“முடியாது.”

“அப்ப நல்லாப் பாத்து எடுங்க” என்று தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அன்று நடந்ததைச் சொன்னார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் கட்டிலில் குப்புறப் படுத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். சிவபாக்கியம் எழுந்தார். செருப்புப் போடவில்லை, தலையில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டுகிற மழையில் இறங்கிப் பாதையைக் கடந்து, கொழுந்து எடை போடும் ஷெட்டுக்குப் போய் நின்றார். நின்ற பிறகுதான் கையில் கத்தி இருப்பதைப் பார்த்திருக்கிறார். அப்போது முதுகுக்குப் பின்னால் மலை இறங்கியது.

“ஏன் எந்திரிச்சேன்னு தெரியல. சரி, எந்திரிச்சவ அவளையும் வாடீன்னு கூப்பிட்டிருக்கலாமில்ல? ஏன் கூப்பிடல?”

இதை அவர் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. சாப்பாட்டு வரிசையில், துணி துவைக்கும் இடத்தில், சுவரைப் பார்த்து என்று எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சோதனை தொடங்கியது. வழக்கமாக ஒலிகளில் ஆரம்பிப்போம். தகரக் கூரையில் விழும் மழை, இடி, மரம் முறிகிற சத்தம், மண் சரிகிற சத்தம், நாய் குரைப்பு. பிறகு வாசனைகள்: ஈர மண், தேயிலை, விறகுப் புகை. எல்லாவற்றுக்கும் தொப்பியோடு இணைத்த திரையில் கோடு அசைந்தது. ஆனால் பயம் ஒட்டிய இடத்தைத் தொட்டால் கோடு அசைவதோடு நிற்காது, செங்குத்தாக எழும். பலமுறை பார்த்திருக்கிறேன். இவருக்கு எதிலும் எழவில்லை. மற்றவர்களுக்கும் அப்படியே. மழைச் சத்தத்தைக் கேட்டால் அழுதார்கள், காதைப் பொத்திக்கொண்டார்கள், கோடு மட்டும் பாதிக்கு மேல் போகவில்லை. இது துக்கம், பயம் வேறு எங்கோ இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். எங்கே என்று தெரியவில்லை. மூன்று வாரம் ஒவ்வொரு சத்தமாகத் தேடினேன்.

இருபத்துமூன்றாவது நாள் காலை, சிவபாக்கியம் தொப்பியோடு உட்கார்ந்திருந்தபோது, நிவாரணப் பொருள் கொண்டுவந்த லாரி ஒன்று மண்டபத்து வாசலில் பின்னால் வந்தது. காவலாளி அதை வழிகாட்ட விசில் ஊதினார். கோடு ஒரே தாவலில் திரையின் உச்சியைத் தொட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சிவபாக்கியம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

“ஏன்க்கா எந்திரிச்சீங்க?”

“காலு மரத்துப்போச்சு” என்றார், மிகச் சாதாரணமாக.

அவர் பொய் சொல்லவில்லை. கால் மரத்துப்போனதாகவே நம்பினார். விசில் ஊதியது நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. காவலாளியின் விசிலைக் கடன் வாங்கிப் பதிவு செய்துகொண்டேன்.

அடுத்த நான்கு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயத்தினால் அல்ல, ஆர்வத்தினால். ஒரு நீண்ட விசிலுக்குக் கோடு எழுந்தது. இரண்டுக்கு இன்னும் மேலே போனது. நீட்டி மூன்று முறை ஊதியதைக் கேட்கவைத்தபோது திரை போதவில்லை. பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்கும் அதே மூன்று நீண்ட விசில். பதினோரு பேரும் நாற்காலியைவிட்டு எழுந்தார்கள், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்குத் தண்ணீர் தாகம். ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவர் யாரோ கூப்பிட்டதாக நினைத்தாராம். அன்று ஏன் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள் என்று முதல் வாரம் அவர்கள் சொன்ன காரணங்களை எடுத்துப் படித்தேன். ஆட்டைப் பார்க்க. போனுக்கு சிக்னல் கிடைக்குமா என்று பார்க்க. சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பார்க்க. சும்மா.

ஞாயிற்றுக்கிழமை கரடிப்பாறைக்குப் போனேன். மேல் லைன் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் எடை ஷெட் கீறல்கூட விழாமல் நின்றது. முக்கில் டீக்கடை வைத்திருந்த அந்தோணி என்பவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எஸ்டேட்டில் விசில் ஊதுகிற வழக்கம் உண்டா என்று கேட்டதும், இப்போது எங்கே என்றார். முன்பு மேலே கல் குவாரி இருந்ததாம். மலைக்கு ஆகாது என்று உத்தரவு போட்டு மூடி இருபது வருடம் ஆகிவிட்டது. அது ஓடிய காலத்தில் வெடி வைப்பதற்கு முன் நீட்டி மூன்று விசில் ஊதுவார்கள். கல் பறந்துவந்து தகரத்தைப் பொத்துக்கொண்டு வீட்டுக்குள் விழும். கான்கிரீட் கூரை உள்ள ஒரே இடம் எடை ஷெட்தான். விசில் கேட்டதும் லைன் முழுக்கப் போட்டது போட்டபடி அங்கே ஓடிவிடும். தவழ்கிற பிள்ளைகூட ஷெட்டைப் பார்த்துத் தவழும் என்று சொல்லிச் சிரித்தார் அந்தோணி.

நான் அந்த ஷெட்டில் போய் உட்கார்ந்து பட்டியலை எடுத்தேன். தப்பிய பன்னிரண்டு பேரும் அந்த எஸ்டேட்டில் பிறந்தவர்கள். எல்லோரிலும் இளையவருக்கு இருபத்தேழு வயது. குவாரி மூடியபோது அவருக்கு ஏழு. இறந்த நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் இருபது வயதுக்குக் கீழே. மற்றவர்களில் நாலு பேர் நடக்கமுடியாத முதியவர்கள். மீதிப் பேர் கல்யாணமாகி வெளியூரிலிருந்து பிற்பாடு வந்தவர்கள்.

அப்படியானால் அன்று யாரோ விசில் ஊதியிருக்கிறார்கள். கொட்டுகிற மழையில் அது காதில் விழுந்ததாக ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் விசிலை அறிந்த உடம்புகள் எல்லாம் எழுந்து போயிருக்கின்றன. அறியாத பிள்ளைகள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். விசில் ஊதினார்கள் என்றால், மூடிய குவாரியில் வெடி வைத்திருக்கிறார்கள்.

தப்பியவர்களுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடிக்கொண்டிருந்தவர் வழக்கறிஞர் சாதிக். பழைய குவாரியால் மலை பலவீனமானதா என்பதையும் பார்த்த விசாரணை ஆணையத்தின் முன்னால், இது முழுக்க மழையின் வேலை என்று குவாரிக்காரர் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. குவாரி இருந்த இடமும் மண்ணோடு இறங்கிவிட்டதால் மறுத்துச் சொல்ல ஒரு தடயமும் இல்லை. திரைக் கோடுகளின் வரைபடங்களை சாதிக் நெடுநேரம் பார்த்தார். பிறகு, விசில் என்ற வார்த்தையை அவர்களிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன்.

“சொல்லிடாதீங்க டாக்டர். சொன்னா, நீங்க சொல்லிக்குடுத்துப் பயந்தாங்கன்னு ஆக்கிடுவாங்க. ஆணையம் தன்னோட நிபுணரை வச்சு முதல்லேருந்து சோதிக்கணும். அதுவரைக்கும் சிகிச்சையும் கூடாது. இப்போதைக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே சாட்சி அவங்க பயம்தான்.”

“எவ்வளவு நாள்?”

“ஆறு வாரம் ஆகும்.”

அந்தப் பதினோரு பேரையும் கூட்டி, சொல்ல முடிந்ததைச் சொன்னேன். உங்கள் பயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். இப்போதே எடுத்துவிடலாம். ஆனால் எடுத்துவிட்டால் விசாரணைக்கு உதவக்கூடிய ஒரு விஷயமும் அதோடு போய்விடும். வைத்திருப்பதும் எடுப்பதும் உங்கள் விருப்பம். நான்கு பேர் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் வேன் ஓட்டுகிறவர். கை நடுங்கினால் பிழைப்பு இல்லை. யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள். சிவபாக்கியமும் காத்திருந்தார்.

“அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்களேன்.”

“இப்ப சொல்ல முடியாதுக்கா.”

“எனக்கே சொல்ல முடியாத ஒண்ணு எங்கிட்ட இருக்கா?” என்று கேட்டுவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார்.

ஏன் கூப்பிடல என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதை மேசை இழுப்பறையில் பூட்டிவைத்துவிட்டு அவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தேன். நியாயம் கிடைக்க ஆறு வாரம் பொறுக்கலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விசிலுக்கு அசையாத அந்தப் பன்னிரண்டாவது ஆள் யோகராசு. ஐம்பத்தைந்து வயது. எஸ்டேட்டின் தண்ணீர் மோட்டாரை இயக்குகிறவர். அன்று மேலே மோட்டார் அறையில் இருந்ததால் தப்பியதாகச் சொல்லியிருந்தார். மனைவி பேச்சியம்மாள் இறந்துவிட்டார். சேலத்துப் பக்கமிருந்து பதினைந்து வருடத்துக்கு முன் கட்டிக்கொண்டு வந்தவர்.

அவருக்கு எது பயம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று விசிலையும் கேட்டுக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். சோதனை முடிந்ததும் எல்லோருக்கும் சொல்கிற மூச்சுப் பயிற்சியை அவருக்கும் சொன்னேன். ஆழமாக இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதவேண்டும். மனதை அமைதிப்படுத்தத்தான் அது. அவர் மூச்சை இழுத்தார், உதட்டைக் குவித்தார். கோடு உச்சிக்குப் போனது.

வழக்கமாக அந்த நேரத்தில் நான் திரையைப் பார்ப்பதில்லை. எத்தனை முறை இப்படி எழுந்ததோ தெரியாது. கருவி கோளாறோ என்று மறுபடி ஊதச் சொன்னேன். மறுபடியும் எழுந்தது. பதினோரு பேருக்குக் கேட்பதில் பயம். இவருக்கு ஊதுவதில்.

தொப்பியைக் கழற்றி வைத்தேன். இந்த அறையில் சொல்வது என்னைத் தாண்டி வெளியே போகாது, அதுதான் என் தொழிலின் சட்டம் என்று சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பேசத் தொடங்கினார்.

மழைக்காலத்தில்தான் அங்கே திருட்டுத்தனமாகக் கல் எடுத்தார்களாம். இடிச் சத்தத்தில் வெடிச் சத்தம் தெரியாது, ஆள் நடமாட்டமும் இருக்காது. மோட்டார் அறைக்குப் பக்கத்தில்தான் குவாரிப் பாதை. யாராவது மேலே வந்தால் திருப்பி அனுப்பிவிடு என்று குவாரிக்காரரின் ஆள் யோகராசுவை நிறுத்தியிருந்தான். விசில் ஊதக்கூடாது, ஊதினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றும் சொல்லியிருந்தான். அன்று திரி போட்டுவிட்டு அவர்கள் ஒதுங்கியபோது, விறகுக்கு யாராவது வந்திருந்தால் என்ன ஆவது என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. சட்டைப் பையில் மோட்டார் அறை விசில் இருந்தது.

“ஊதக்கூடாதுன்னாங்க. மனசு கேக்கல. பழைய முறைப்படி மூணு ஊதுனேன். மழை அம்பாரமாக் கொட்டுச்சு. எங்காதுக்கே சரியா விழல. யாருக்கு விழுந்திருக்கப் போவுது.”

நான் அதை அவரிடம் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. “விழுந்திருக்கு அண்ணே. பதினோரு பேருக்கு” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “கேட்டுச்சா?”

ஷெட்டைப் பற்றியும் வயதுகளைப் பற்றியும் சொன்னேன். அவர் அழவில்லை. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பேச்சியம்மாளுக்கு விசில் பழக்கம் கிடையாது என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். பிறகு, பாக்கியத்திடம் இதைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

ஆணையத்தின் சோதனைக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. இப்போது சொன்னால் சோதனை செல்லாமல் போகும், பொறுங்கள் என்றேன். அந்த மனிதர் உண்மையைச் சொல்ல வந்தார். நான்தான் தடுத்தேன்.

ஒன்பது நாள் பொறுத்தார். அந்த ஒன்பது நாளில் சிவபாக்கியம் சாப்பிடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சோறு காய்ந்துபோகும். பத்தாவது நாள் மதியம் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது யோகராசு எழுந்து நின்று, அன்று விசில் ஊதியது நான்தான் என்று ஆரம்பித்தார். நான் உள்ளே வந்தபோது பாதி சொல்லி முடித்திருந்தார். வாயைத் திறந்து நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. சிவபாக்கியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

வெடி என்றதும் ஒருவர் பாய்ந்து யோகராசுவின் சட்டையைப் பிடித்தார். இரண்டு மகன்களை இழந்தவர் அவர். யோகராசு கையைக்கூடத் தூக்கவில்லை. சிவபாக்கியம்தான், விடு, அவர் பேசி முடிக்கட்டும் என்றார். முடித்ததும் கேட்டார்:

“எத்தனை தரம் ஊதுனீங்க அண்ணே?”

“மூணு.”

“நீட்டியா?”

“நீட்டித்தான் பாக்கியம்.”

பிறகு சட்டையைப் பிடித்திருந்தவர், கையை எடுக்காமலேயே, தான் ஆட்டைப் பார்க்கத்தான் வெளியே போனதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். “எங்கிட்ட ஏது ஆடு? வித்து ரெண்டு மாசமாச்சே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை எடுத்தார்.

“அப்ப நானா அவள விட்டுட்டுப் போகல” என்றார் சிவபாக்கியம். பிறகு, “அவளுக்கு விசில் தெரியாது. நான் சொல்லிக்குடுக்கல” என்றார்.

“இருபது வருசமா ஊதாத விசில எவ சொல்லிக்குடுப்பா?” என்று பக்கத்தில் இருந்த பெண் அவர் தோளை அணைத்துக்கொண்டார். சிவபாக்கியம் அப்போதுதான் அழுதார். மகள் போன பிறகு அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுகை ஓய மாலையாகிவிட்டது. அதற்குப் பிறகு சாப்பிட்டார்.

சாதிக்கிடம் நான் நடந்ததைச் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். இருந்தாலும் சோதனை நடக்கட்டும் என்றார். அறிந்துகொண்டால் மட்டும் பயம் போய்விடுமா, மருந்து இல்லாமல் அது கழலாது, அதைத்தானே நீங்கள் நான்கு வருடமாகச் சொல்லி வருகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஊட்டியில் ஆணையத்தின் நிபுணர் காத்திருந்த ஏழு பேரையும் சோதித்தார். மூன்று நீண்ட விசில். சிவபாக்கியத்தின் கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அவர் எழவில்லை. மடியில் கைகோர்த்து உட்கார்ந்தபடி கேட்டார். ஏழு பேரில் இரண்டு பேருக்குக் கொஞ்சம் அசைந்தது, சான்று என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றுமே இல்லை. பயம் போயிருந்தது. யாரும் மருந்து கொடுக்கவில்லை. எதற்குப் பயந்தோம் என்பது தெரிந்த பிறகு அதற்கு இருக்க இடமில்லாமல் போய்விட்டது போல.

மருத்துவராக அந்த நிமிடம் எனக்குள் ஆயிரம் கேள்விகள். எல்லோருக்கும் இப்படி நடக்குமா, இல்லை பந்தியில் எல்லோரும் ஒன்றாகக் கேட்டதால் நடந்ததா? நான்கு வருடத்தில் இன்னும் எத்தனை பேருக்கு, காரணத்தைத் தேடிக் கொடுக்காமல் பயத்தை மட்டும் கழற்றி அனுப்பியிருக்கிறேன்? அவர்கள் உடம்பு சொல்லவந்ததையும் சேர்த்தா எடுத்துவிட்டேன்? இன்றுவரை இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அன்று யோசிக்க விடவில்லை. குவாரிக்காரர் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, டாக்டர் ஹெப்சிபா காட்டிய வரைபடங்கள் எங்கே, இன்று பார்த்த கோடு எங்கே என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்னைக் கூண்டில் நிறுத்தி வைத்தார். முதல் வரைபடங்களை நானே வரைந்தேனா என்றுகூடக் கேட்டார்.

யோகராசு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன எதையும் நான் வெளியே சொல்லமுடியாது. பந்தியில் கேட்டவர்கள் சொல்லலாம்தான், ஆனால் அது காதில் விழுந்த செய்தி, அவ்வளவுதான். அது அவருக்குத் தெரியும். சாதிக் காலையிலேயே சொல்லியிருந்தார்: நீங்கள் வாயைத் திறந்தால் உங்கள் மேலும் வழக்கு வரும், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தமுடியாது.

அவர் எழுந்தார். “ஐயா, நானும் ஊத வேண்டியிருக்கு” என்றார்.

ஆணையத்தின் நீதிபதிக்குப் புரியவில்லை. யோகராசு முன்னால் வந்து தொப்பியை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். எல்லோரும் திரையைப் பார்க்க, உதட்டைக் குவித்து மூன்று முறை வெறும் காற்றை ஊதினார். மூன்று முறையும் கோடு உச்சிக்குப் போய்வந்தது. அதன்பிறகு நடந்ததைச் சொன்னார். தேதி, நேரம், வெடி வைத்தவர்களின் பெயர், லாரி நின்ற இடம், எத்தனை குழி போட்டார்கள் என்பது வரை. குறுக்கு விசாரணையில், அப்படியானால் குற்றத்தில் உனக்கும் பங்கு உண்டு அல்லவா என்று கேட்டார்கள். உண்டு என்றார்.

அவர் சொன்ன இடத்தில் தோண்டியபோது வெடிமருந்துப் பெட்டிகளும் துளைக் கருவியும் கிடைத்தன. அன்று மாலையே யோகராசுவைக் கைது செய்தார்கள். குவாரிக்காரரைக் கைது செய்ய இரண்டு வாரம் ஆனது. அவர் ஐந்தாவது நாள் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். யோகராசுவுக்கும் ஜாமீன் கிடைத்தது. ஆனால் பிணையாகக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். உறவு என்று சொல்ல அவருக்கு யாரும் மிஞ்சவில்லை. டீக்கடை அந்தோணி ஒரு கையெழுத்துக்குச் சம்மதித்தார். இரண்டாவது ஆளைத் தேடிப் பதினெட்டு நாள் ஓடியது. முகாமில் யாரிடமும் கேட்க சாதிக்குக்கு வாய் வரவில்லை.

பத்தொன்பதாவது நாள் காலை சிவபாக்கியம் என் அறை வாசலில் நின்றார். புதுக் குடியிருப்பில் தனக்கு ஒதுக்கிய வீட்டின் பத்திரமும் ரேஷன் கார்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. ஊட்டிக்குத் துணைக்கு வரமுடியுமா என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் பாதித் தூரம் போன பிறகுதான் கேட்டேன்.

“அவர மன்னிச்சிட்டீங்களாக்கா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியல டாக்டரம்மா. அவரு முகத்தப் பாத்தா இன்னும் வயிறு எரியுது.” மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைச் சரிசெய்துகொண்டார். “ஆனா வெடி வச்சவன் வீட்டுல கால நீட்டி உக்காந்திருக்கான். விசில் ஊதுனவரு உள்ள இருக்கணுமா?”

கோர்ட்டில் குமாஸ்தா நீட்டிய தாளை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். அவசரப்படுத்திய குமாஸ்தாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு பெயரைப் புள்ளி விடாமல் எழுதினார்.

யோகராசு வெளியே வந்தபோது பிற்பகல் மூன்று மணி. இளைத்திருந்தார். நீலச் சட்டை தோளில் தொங்கியது. சிவபாக்கியத்தைப் பார்த்ததும் கும்பிட்டார். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் நடந்தார். பஸ்ஸில் நாங்கள் இருவரும் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தோம். யோகராசு கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

கண்டக்டர் வந்து எங்களுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். சிவபாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே காசை நீட்டினார்.

“கடைசி சீட்டுல நீலச் சட்டை போட்டவருக்கும் ஒண்ணு குடுங்க.”